ஏரிதான் நிரம்பிவிட்டதே, இனி என்ன கவலை?

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி ததும்பி நிற்கும் படத்தைப் போட்டு, "வறண்டுவிடும் என்று பயமுறுத்தியவர்கள் எங்கே போனார்கள்?" என்று ஒருவர் கேட்டதையும், அதன் கீழே விழுந்த சிரிப்புக் குறிகளையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்; என் பெயரையும் அதில் இழுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

ஏரி வறண்டே கிடக்கும் என்று நான் எங்கும் எழுதியதில்லை. காலநிலை மாற்றத்தால் வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும் என்றுதான் எழுதினேன். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே மழையற்ற நாள்கள் நீண்டுகொண்டே போய், பெய்கிற நாளில் மொத்தமாகக் கொட்டிவிடும் வாய்ப்பு கூடுகிறது. ஆண்டுச் சராசரி ஒழுங்காகத்தான் இருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டபோது அந்தச் சராசரி யாருக்கு உதவியது?

2015 டிசம்பர் 1 இரவு, ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றை நோக்கித் திறந்துவிடப்பட்டபோது, நாங்கள் சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். ஏரி நிரம்புவது என்றால் என்ன என்பதை, எங்கள் கூடத்தில் மிதந்த பச்சை பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 2019 கோடையில் அதே ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ரயில் தண்ணீர் கொண்டுவந்த அந்த ஆண்டில், அம்மா அதே பச்சைக் குடத்தை லாரித் தண்ணீருக்காக வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் காத்திருந்தார். இடையில் நான்கு ஆண்டுகள்கூட முழுதாக ஓடவில்லை.

"2015 வெள்ளத்துக்கு மதகைத் திறந்த விதமும் ஆக்கிரமிப்பும்தான் காரணம்" என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். 24 அடி வரை நிரம்பக்கூடிய ஏரியை 2020 நிவர் புயலின்போது 22 அடியிலேயே திறந்தார்களே, அந்தப் பாடத்துக்குக் கட்டணம் கட்டியவர்கள் நாங்கள்தான். "1943இலும் வெள்ளம் வந்ததே" என்பீர்கள். வந்தது. தாத்தா காலத்திலும் காய்ச்சல் வந்தது என்பதற்காக, இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் கேட்கக் கூடாதா?

"2015 மழையில் காலநிலை மாற்றத்தின் தெளிவான தடம் இல்லை என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள்" என்று ஒருவர் வெகு கெட்டிக்காரத்தனமாக எடுத்துப் போட்டிருந்தார். நானும் அதைப் படித்தவன்தான். வங்கக்கடலின் மேற்குப் பகுதி சில பத்தாண்டுகளாகச் சூடேறாமல் இருந்ததையும், அதற்குக் காற்று மாசு காரணமாக இருக்கக்கூடும் என்பதையும் அதே ஆய்வு பேசுகிறது. அந்தப் பகுதியை மட்டும் ஏன் வெட்டிவிட்டீர்கள் என்று தெரியவில்லை. ஒரே ஒரு மழையை வைத்து நான் வழக்குப் போடவில்லை, ஐயா.

பீதியைக் கிளப்பி விளம்பரம் தேடுகிறேனாம். வானிலை அறிக்கையில் 'சிவப்பு எச்சரிக்கை' என்று கேட்டதுமே அம்மா அரிசி டின்னைப் பரணில் ஏற்றச் சொல்கிறார். அதே மூச்சில், குடங்களில் தண்ணீர் பிடித்து மூடி வைக்கவும் சொல்கிறார். அவர் என் பதிவுகளைப் படிப்பவரும் அல்லர்.