கீட்டனுக்கு எதற்கு டொய்ங் டொய்ங்?

ஞாயிற்றுக்கிழமை நடந்த பஸ்டர் கீட்டன் படத் திரையிடலைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாயிற்று. பேசாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். நேற்று ஒருவர் 'சாருக்குச் சிரிக்கவே தெரியாது' என்று டேக் வேறு செய்திருக்கிறார். சரி, எழுதிவிடுகிறேன்.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'தி ஸ்கேர்குரோ', 1920இல் வந்த ஊமைப்படம். இருபது நிமிடம்கூட ஓடாது. திரையிட்டவர்கள் அதில் வடிவேலு வசனங்களை ஒட்டி, டொய்ங் டொய்ங் என்று சத்தம் சேர்த்து, எமோஜி பறக்கவிட்டு, 'இப்படிக் காட்டினால்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள்' என்று விளக்கம் வேறு. ஒரு தடவையாவது சும்மா போட்டுப் பார்த்தீர்களா?

அந்தச் சாப்பாட்டுக் காட்சி. கீட்டனும் ஜோ ராபர்ட்ஸும் ஒரே அறையில் குடியிருப்பவர்கள். உப்பு, மிளகெல்லாம் மேலேயிருந்து கயிற்றில் தொங்கும். ஒருவர் ஆட்டிவிட, மற்றவர் சாவகாசமாகப் பிடிப்பார். இவ்வளவு ஒத்துப்போகிற இருவர்தான் வெளியே போனதும் ஒரே பெண்ணுக்காக முட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கயிறுகளைப் பார்த்தவனுக்குத்தான் பின்னால் வரும் போட்டியில் சிரிப்பு வரும். நீங்களோ கயிற்றின் மேலேயே எமோஜி ஒட்டிவிட்டீர்கள்!

அப்புறம், கீட்டன் ஷூ லேஸ் கட்ட மண்டியிடுவதை, அந்தப் பெண்ணாக வரும் சிபில் சீலி, காதலைச் சொல்வதாக நினைத்துக்கொள்ளும் இடம். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும், நகைச்சுவையே அவ்வளவுதான். அங்கே 'ஐ லவ் யூ' என்று ஒரு குரல். எதற்கய்யா?

என் மாமாவுக்குக் காது கேட்காது. டிவியில் காமெடி ஓடினால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார். இந்தப் படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். கூரையில்லாத சுவர்மேல் லூக் என்கிற அந்த நாய் கீட்டனைத் துரத்தும்போது மாமா போட்ட சத்தத்தில் அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். யாரையும் கேட்டுக்கொண்டு சிரிக்கவில்லை மனிதர்.

'அந்தக் காலத்திலும் பியானோ வாசித்தார்களே' என்பீர்கள். வாசித்தார்கள், மறுக்கவில்லை. பியானோக்காரர் திரையை மறைத்துக்கொண்டு நிற்கவில்லை. 'காப்புரிமை முடிந்த படம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.' செய்யலாம்தான். பொதுக்கிணறு என்பதற்காக அதில் எதையாவது கொட்டுவீர்களா? 'வடிவேலு என்றால் இளப்பமா?' ஐயா, அவர் எனக்கும் உயிர். அவர் படத்தில் கீட்டனை ஒட்டினாலும் இதே கோபம்தான் வரும்.

உண்மையில் எரிச்சல் படத்தைப் பற்றி மட்டும் இல்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் ஒருவர் விரல் நீட்டிச் சொல்கிறார். சேனலில் சொல்கிறார்கள், ரீல்ஸில் சொல்கிறார்கள், இப்போது திரையிடலிலும். இதைச் சொன்னால் 'மேதாவி' பட்டம். அரங்கில் நாற்காலி எடுத்துப் போடும்போது மட்டும் அந்த மேதாவி தேவைப்பட்டான்.

கமெண்டில் திட்ட வருபவர்கள் தாராளமாக வரலாம். வசனம் ஒட்டாத படம் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது, பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.