கோல் அடித்தால் அடங்குமா?

"ஃபுட்பால்னா இப்படித்தாண்ணே இருக்கும், சும்மா கலாய்ச்சது." இந்த வசனத்தை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் எல்லோருமே கோட்டுக்கு வெளியே நின்றவர்கள். திட்டு வாங்கியவன் வாயிலிருந்து ஒருமுறைகூட இது வந்ததில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கிண்டலுக்கு எதிரி கிடையாது. புதுச்சேரியில் எங்கள் பக்கத்து டோர்னமென்ட்களில் மைக் பிடிக்கிற ஆள் நான். காலி போஸ்ட்டுக்கு மேலே தூக்கி அடித்தவனுக்கு "பந்து கடலூர் பஸ் ஏறிடுச்சுப்பா" என்று ஒரு குரல் வரவில்லை என்றால் அது என்ன ஆட்டம்? தொடாமலேயே விழுந்து உருளுகிறவனிடம் "எழுந்திரு தம்பி, ரெஃப்ரி அந்தப் பக்கம் பாக்குறாரு" என்று யாராவது சொல்லத்தான் வேண்டும். விசில், ஊளை, எதிரணி கார்னர் எடுக்கும்போது கொடிக்குப் பின்னால் நின்று கொடுக்கிற தொல்லை எல்லாம் சேர்ந்துதான் ஆட்டம்.

2018 ஜூனில் மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று ஜெயித்தது. கேப்டன் சுனில் சேத்ரி ஹாட்ரிக். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு வீடியோ போட்டார். மைதானத்துக்கு வாங்க, விமர்சனம் பண்ணுங்க, கத்துங்க, திட்டக்கூட திட்டுங்க, ஆனா வாங்க என்று கெஞ்சாத குறை. அடுத்து கென்யாவுடன் நடந்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. இன்றைக்கும் சிலர் "பாருங்க, கேப்டனே திட்டச் சொல்லிட்டாரு" என்று அதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர் திட்டச் சொன்னது தன் ஆட்டத்தை. தன் அம்மாவையோ, மனைவியையோ, பிறந்த ஊரையோ கிடையாது. இதைக்கூட ஒருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படியானால் கலாய்க்கும் வசைக்கும் நடுவில் கோடு எங்கே? இதை நான் யோசிக்க ஆரம்பித்தது பிரான்ஸ் அணியால்.

புதுச்சேரிக்காரர்களுக்கு பிரான்ஸ் ஆட்டம் என்றால் கொஞ்சம் வேறு மாதிரி. புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. எழுதிக் கொடுத்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றைக்கும் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் வீடு, என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். வீட்டில் பேசுவது தமிழ், குழம்பு நம் குழம்பு, பீரோவுக்குள் இருக்கிற பாஸ்போர்ட் பிரான்ஸ். 2006 உலகக் கோப்பையில் மொரீஷியஸ் வழி வந்த இந்திய வம்சாவளி விகாஷ் தோராசூ பிரான்ஸ் ஜெர்சியில் இறங்கியபோது, தங்கள் பிள்ளையே இறங்கிய மாதிரி பேசிய பெரியவர்கள் உண்டு.

2022 டிசம்பர் 18, பிரான்ஸும் அர்ஜென்டினாவும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எங்கள் தெருவே இரண்டாகப் பிரிந்தது. இளவட்டம் முழுக்க மெஸ்ஸி. பிரான்ஸின் எம்பாப்பே மூன்று கோல் அடித்தும் பெனால்டியில் பிரான்ஸ் தோற்றது. இரண்டு நாள் கழித்து, புவனோஸ் அய்ரஸ் ஊர்வலத்தில் அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் எம்பாப்பே முகம் ஒட்டிய குழந்தைப் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். மட்டமான ரசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கலாய்தான். ஜெயித்தவன் தோற்றவனைச் சீண்டுகிறான், அவ்வளவுதான். அடுத்த முறை எம்பாப்பே இரண்டு கோல் போட்டுவிட்டு அந்தப் பொம்மையைத் தாலாட்டுகிற மாதிரி கை காட்டினால் கணக்கு தீர்ந்துவிடும்.

அதே தோல்விக்குப் பிறகு, பெனால்டியைக் கோட்டைவிட்ட கோமனுக்கும் சுவாமெனிக்கும் சமூக வலைத்தளங்களில் வந்து விழுந்தது வேறு. அதில் பெனால்டியே இல்லை, அவர்களுடைய தோலின் நிறம் மட்டும்தான் இருந்தது.

2024 ஜூலையில் அர்ஜென்டினா கோப்பா அமெரிக்கா ஜெயித்தது. பஸ்ஸில் போகும்போது அந்த அணியின் என்சோ பெர்னாண்டஸ் போட்ட லைவ் வீடியோவில் ஒரு பாட்டு கேட்டது. ஆப்பிரிக்க வம்சாவளி பிரான்ஸ் வீரர்களைக் குத்திக்காட்டி, இவர்கள் பிரான்ஸுக்கு ஆடுகிறார்கள், ஆனால் அப்பன் அந்த நாடு, ஆத்தா இந்த நாடு, காகிதத்தில் மட்டும்தான் பிரெஞ்சு என்று போகிற பாட்டு. என்சோ பிறகு மன்னிப்புக் கேட்டார். கொண்டாட்ட மயக்கத்தில் நடந்துவிட்டது, ஆனாலும் அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது என்று அவரே எழுதினார். அங்கே அரசியல்வாதிகள் விடவில்லை. கேப்டன் மெஸ்ஸி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்ன விளையாட்டுத் துறை அதிகாரியின் பதவி போனது. காலனி வைத்திருந்த நாடு எங்களை மிரட்டுவதா என்று துணை ஜனாதிபதி அம்மா சீறினார். காலனியைப் பற்றிப் புதுச்சேரிக்காரனிடமே பேசுகிறீர்களா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்த வீடியோ எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்தது, சிரிப்பு முகங்களோடு. ஒரு தம்பி, "இன்னிக்கு எந்த ஆப்பிரிக்கா டீம் ஆடுது?" என்று கேட்டான். குரூப்பில் பிரெஞ்சு நேஷனாலிட்டிக் குடும்பத்துப் பையன் ஒருவனும் இருக்கிறான். வழக்கமாக வாயாடுவதில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. மெஸ்ஸி ரசிகர்களை விரட்டி விரட்டி ஓட்டுவான். அன்றைக்கு ஒன்றும் எழுதாமல் குரூப்பை விட்டுப் போய்விட்டான். "இதுக்கெல்லாமா கோச்சிக்குவான்?" என்று ஆச்சரியப்பட்டார்கள். அவன் என்ன பதில் எழுதியிருக்க முடியும்? தாத்தா எழுதிக் கொடுத்த காகிதத்தைப் போட்டோ பிடித்துப் போடுவதா?

அப்போதிருந்து எனக்கு ஒரே கேள்விதான். ஒரு கோல் அடித்தால் இது அடங்குமா? அடங்கும் என்றால் கலாய். நூறு கோல் அடித்தாலும் அடங்காது என்றால் அது ஆட்டத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அந்த ஆளின் பிறப்பைப் பிடித்து இழுப்பது.

ரியல் மாட்ரிட்டுக்கு ஆடுகிற பிரேசில்காரர், கறுப்பின வீரர் வினிசியஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கோல் அடித்து ஆடியதுதான் முதல் குற்றம். 2022 செப்டம்பரில் ஸ்பெயின் டிவி விவாதம் ஒன்றில் ஏஜென்ட் ஒருவர், எதிரணிக்கு மரியாதை கொடு, குரங்கு வேலை பண்ணாதே என்றார். எதிர்ப்பு வந்ததும் அது உவமை என்றார். ஆமாம், அங்கேயும் "சும்மா" உண்டு. 2023 ஜனவரியில் மாட்ரிட்டில் ஒரு பாலத்தில் அவர் ஜெர்சி போட்ட பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். மே 21 அன்று வாலென்சியா மைதானத்தில் குரங்கு என்று கத்தினார்கள். அந்த ஆட்டத்தில் கடைசியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியவர் யார் தெரியுமா? வினிசியஸ்தான். பிறகு அதை ரத்து செய்தார்கள். ஒரு வருடம் கழித்து, 2024 ஜூனில், கத்தியவர்களில் மூன்று பேருக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை, இரண்டு வருடம் மைதானத் தடை. கால்பந்து மைதானத்தில் நடந்த இனவசைக்கு ஸ்பெயினில் கிடைத்த முதல் தண்டனை அது. அதுவரை அத்தனை பேரும் சும்மா கலாய்த்துக்கொண்டிருந்தார்கள் போல.

என் அளவுகோலில் ஓட்டை இருக்கிறது, தெரியும். பார்சலோனாவிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போன ஃபீகோவை "துரோகி" என்று பழைய ரசிகர்கள் கத்தினார்கள். எத்தனை கோல் அடித்தாலும் அது அடங்காது. ஆனால் அது வசை இல்லை என்றுதான் சொல்வேன். போனது அவர் முடிவு, கேட்டுத்தான் ஆக வேண்டும். 2002-இல் அவரைக் குறிவைத்து மைதானத்துக்குள் பன்றித் தலையை எறிந்தார்களே, அங்கே பேச்சு முடிந்துவிட்டது. அதே மாதிரி செத்தவர்களைப் பாடுவது. மான்செஸ்டர் யுனைடெட்காரர்களிடம் 1958 மியூனிக் விமான விபத்தையும், லிவர்பூல்காரர்களிடம் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் போன 97 உயிர்களையும் வைத்துப் பாட்டுக் கட்டுகிற ஜென்மங்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

"திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே" என்பார்கள். கொடுத்தவர்களுக்கு என்ன ஆனது? 1995 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் வீரர் எரிக் கன்டோனா வேலியைத் தாண்டி ஒரு ரசிகரை உதைத்தார். எட்டு மாதம் ஆட முடியவில்லை, 120 மணி நேரம் சமூக சேவை. உதைத்தது தப்புதான், நான் நியாயம் பேசவில்லை. ஆனால் பதினோரு வரிசை இறங்கி வந்து அந்த ஆள் வாய்க்கு வந்ததைச் சொன்னது பலருக்கு நினைவே இல்லை. அவர் மீதும் வழக்கு நடந்தது, மிரட்டும் வகையில் பேசி நடந்துகொண்டதாகக் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் சிடான் தலையால் முட்டியதை உலகமே பார்த்தது. சிடானின் அக்காவை இழுத்துப் பேசிய இத்தாலி வீரர் மாட்டராசிக்கும் ஃபிஃபா இரண்டு ஆட்டத் தடை போட்டது எத்தனை பேருக்குத் தெரியும்? கூட்டத்தில் கத்துகிறவனுக்கு இருட்டு இருக்கிறது, பக்கத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நடுவில் நிற்கிறவனுக்கு முதுகில் நம்பர் எழுதியிருக்கிறது. நண்பர்கள் நாலு பேர் டீக்கடையில் ஒருவனை ஒருவன் அம்மாவை இழுத்துப் பேசிக்கொள்வதையும் இதையும் ஒன்று என்று சொல்லாதீர்கள்.

சரி, ஸ்பெயினை விடுங்கள். நம் மைதானத்துக்கு வருவோம்.

இங்கே டீம் என்றால் தெரு, தெரு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். "எந்த டீம்?" என்று ஆரம்பித்தது மூன்றாவது நிமிடத்தில் "எந்தத் தெருப் பசங்க?" என்று மாறும். இரண்டாவது கோல் விழுந்த பிறகு தெருப் பெயரே திட்டாகிவிடும். சாதியை யாரும் நேராகச் சொல்ல வேண்டாம், ஊருக்கு எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும். கொஞ்சம் சரக்கு உள்ளே போயிருந்தால் நேராகவே வரும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பலர் பார்க்கிற பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். மைதானத்தைவிடப் பொது இடம் எது? டச்லைனில் நிற்கிற படித்தவர்களுக்கே அது ஞாபகம் வருவதில்லை.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. கடற்கரைக் குப்பத்து டீம் ஒன்றின் கீப்பர் சுலபமான பந்தை விட்டுவிட்டான். கூட்டத்திலிருந்து ஒருவர், "வலையை மாத்திக் கட்டு தம்பி, இதுல மீன்கூட நிக்காது" என்றார். அவன் டீம்காரர்களே சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் அவன் ஒரு பெனால்டியைப் பிடித்துவிட்டு அந்த ஆளைப் பார்த்து, "மாமா, வஞ்சிரம் மாட்டிக்கிச்சு!" என்று கத்தினான். கைத்தட்டல் அடங்க நேரமானது. அதே மைதானம், அதே பையன், வேறொரு ஆட்டம். மூக்கைப் பிடித்துக்கொண்டு "நாத்தம் வருதுடா" என்றான் ஒருத்தன். அன்றைக்கும் அவன் நன்றாகத்தான் பிடித்தான். யாரையும் பார்த்துக் கத்தவில்லை. இரண்டுமே மீனைப் பற்றிய பேச்சுதானே என்று கேட்கிறவர்களிடம் நான் வாதம் பண்ணுவதில்லை.

2024 மார்ச்சில் கேரளாவில் மலப்புரம் அரீக்கோடு பக்கம் ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டத்தில், ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்து ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவரைக் கூட்டம் துரத்தி அடித்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். கார்னர் எடுக்கப் போனபோது நிறத்தைச் சொல்லித் திட்டியதாகவும் கல்லெறிந்ததாகவும் அவர் போலீஸில் புகார் கொடுத்தார். நம் யூனியன் பிரதேசத்து மாஹேயைப் போலவே ஃபுட்பாலை உயிராக நினைக்கிற மண் அது. விளையாட்டு தெரியாத ஊர்களில்தான் இதெல்லாம் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதையும் விட்டுவிடலாம்.

ஃபிஃபாவிடம் மூன்று படி விதி ஒன்று இருக்கிறது. முதலில் ஆட்டத்தை நிறுத்தி மைக்கில் அறிவிப்பு. அடங்கவில்லை என்றால் இரண்டு அணிகளையும் கொஞ்ச நேரம் உள்ளே அனுப்புவது. அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆட்டம் ரத்து. மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்துக் காட்டினால் தன்மீது இனவசை வந்தது என்று வீரர் ரெஃப்ரிக்குச் சொல்வதாக அர்த்தம், இது 2024-இல் சேர்த்தது. எங்கள் டோர்னமென்ட் நோட்டீஸில் ஜெர்சிக்கு விதி உண்டு, ஸ்டட்ஸுக்கு உண்டு, வெளியூர் ஆட்டக்காரன் எத்தனை பேர் என்பதற்கு உண்டு. இதற்கு ஒரு வரி கிடையாது. பொங்கல் டோர்னமென்டுக்கு இதையும் சேர்க்கலாம் என்று கமிட்டியில் கேட்டேன்.

"ஏம்பா, தோக்குற டீமெல்லாம் கையைக் குறுக்க வெச்சிக்கினு நின்னா நான் கப்பை யாருக்குக் குடுக்கறது?" என்றார் மூத்தவர் ஒருவர். நியாயமான கேள்விதான். முதல் இரண்டு படியில் கப்புக்கு ஒன்றும் ஆகாது, ஐந்து பத்து நிமிடம் போகும், அதற்குள் கத்தியவனை அவன் தெருக்காரர்களே வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்றேன். ரெஃப்ரி காதில் விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு கேப்டன்களும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ஒரு நிபந்தனை போட்டார். ரெஃப்ரி வரை சரி. எதிரணிக் கேப்டன் ஒத்துக்கொள்வானா என்பதில்தான் இன்னும் இழுபறி. தை பிறக்க நாள் இருக்கிறது, பேசிக்கொண்டிருக்கிறோம்.