பள்ளிக்கு லினக்ஸ் கொண்டுபோகிறவர்கள் கவனத்துக்கு

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் போல, யாரும் பயன்படுத்தி, நகலெடுத்து, மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் பள்ளிகளில் வேண்டும் என்று பேசுகிற நண்பர்கள் பெரும்பாலும் "காசு மிச்சமாகும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மிச்சமாகும்தான். ஆனால் பள்ளி என்றால் பெரிய நிறுவனங்களும் தங்கள் மென்பொருளைச் சலுகை விலையிலோ சும்மாவோ தரத் தயாராக இருக்கின்றன. பள்ளிக் காலம் முழுக்க ஒன்றிலேயே பழகிய பிள்ளை வேலைக்குப் போனாலும் அதையேதான் கேட்கும். நிறுவனங்கள் போட்ட காசு வட்டியோடு திரும்பிவிடும். விலையை மட்டும் நம்பி வாதாடினால், அவர்கள் சும்மா தருகிறோம் என்று சொன்ன அன்றைக்கே நம் கடை காலி.

தலைமையாசிரியரிடம் உரிமங்களைப் பற்றி வகுப்பெடுப்பதற்கு முன்னால், அறிவியல் ஆசிரியரிடம், வானத்தைத் திரையில் காட்டும் கட்டற்ற மென்பொருளான ஸ்டெல்லேரியத்தைத் திறந்து காட்டுங்கள். திரையில் பகல் வானம் இருக்கட்டும். விசைப்பலகையில் 'ஏ'வைத் தட்டினால் வளிமண்டலம் போய்விடும். சூரியன் இருக்கும்போதே சுற்றிலும் விண்மீன்கள். 'ஜி'யைத் தட்டினால் தரையும் போய்விடும். அடிவானத்துக்குக் கீழே மறைந்திருந்த பாதி வானம் காலடியில் விரியும். விண்மீன்கள் பகலில் எங்கே போகின்றன என்று கேட்கிற பிள்ளைக்கு இரண்டே தட்டில் பதில். பார்த்ததும் ஆசிரியர் கேட்பார்: "இதை என் மடிக்கணினியிலும் போட்டுக்கலாமா?"

போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் பென்டிரைவில் கொடுத்து அனுப்பலாம். கணினிக்கான ஸ்டெல்லேரியம் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகிறது. நகலெடுத்துப் பகிர்வதை அந்த உரிமமே அனுமதிக்கிறது. என்னைக் கேட்டால் முதலில் சொல்ல வேண்டியதே இதுதான். வகுப்பில் பழகியதை வீட்டில் தொடர ஒரு பிள்ளை திருட்டு நகலைத் தேடி அலைய வேண்டிய நிலையைப் பள்ளியே உண்டாக்கலாமா?

மூலநிரல், அதாவது மென்பொருளை எழுதிய நிரல் வரிகள், திறந்திருப்பதால் வகுப்பு முழுக்க அதைப் பிரித்துப் படிக்கும் என்று கதை விட வேண்டாம். எங்கோ ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். மெனுவில் ஒரு தமிழ்ச் சொல் பிழையாக இருக்கிறது என்று அது கண்டுபிடித்தால், திருத்தி அனுப்ப வழி இருக்கிறது. எனக்கு அது போதும்.

"வேலைக்குப் போகிற இடத்தில் வேறு மென்பொருள்தானே இருக்கும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை வேலைக்குப் போக இன்னும் பத்து வருடமாவது ஆகும். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸே 2007 பதிப்பில் பழைய மெனுக்களைத் தூக்கிவிட்டு, மேலே பொத்தான்களை அடுக்கிய ரிப்பன் என்ற பட்டையைக் கொண்டுவந்தது. எந்த மெனுவில் எது இருக்கிறது என்று மனப்பாடம் செய்திருந்தவர்கள் திணறினார்கள். பத்தி, தலைப்பு, அட்டவணை எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புரிதலைக் கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரேஆஃபீஸிலேயே கொடுத்துவிடலாம்.

இதெல்லாம் நடக்காத கனவு இல்லை. கேரளத்தில் 2001இல் பள்ளிகளில் கணினிக் கல்விக்காக ஐடி அட் ஸ்கூல் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. பின்னர் பள்ளிக் கணினிக் கல்வி முழுக்க லினக்ஸுக்கு மாறியது. இன்று அந்தத் திட்டத்தின் வழிவந்த அரசு நிறுவனமான கைட், உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளம் தருகிறது. அங்கே ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக்கினார்கள். நம் ஆர்வலர்கள் விட்டுவிடுகிற இடம் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாக் கணினியிலும் லினக்ஸ் போட்டு, படம் எடுத்துப் பதிவிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். திங்கட்கிழமை அச்சுப்பொறி வேலை செய்யாது. வேர்டில் அடித்த வினாத்தாளை லிப்ரேஆஃபீஸில் திறந்தால் கட்டங்கள் இடம் மாறிக் கிடக்கும். "முன்னாடி இருந்ததே தேவலாம்" என்று ஆசிரியர் சொன்னால் அவர் மேல் என்ன தப்பு?

அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப் போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இல்லாததால் விண்டோஸ் 11க்குப் போக முடியாத கணினிகள் பல பள்ளிகளில் இருக்கும். அதில் இரண்டை மட்டும் கேளுங்கள். முதலில் எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே, பழைய கணினிக்கும் ஏற்ற லினக்ஸ் வகையான லுபுண்டுவை ஓட்டிக் காட்டுங்கள். அச்சுப்பொறியை அப்போதே சோதித்துவிடுங்கள். பிடித்திருந்தால் நிறுவுங்கள். கிளம்பும் முன், சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் கூப்பிட்டாலும் போனை எடுங்கள்.