பாலும் முட்டையும் பாவமில்லையா?

"கறியை விட்டுவிட்டேன், பாலும் முட்டையும் மட்டும்தான்" என்று பலர் சொல்கிறார்கள். நான் வீகன் உணவுக்கு, அதாவது விலங்குகளிலிருந்து வரும் எதையும் சேர்க்காத உணவுக்கு, மாறியதற்கு முதல் காரணமே அந்த இரண்டும்தான்.

கன்று போட்டால்தான் பசுவுக்குப் பால் சுரக்கும். அதனால் பண்ணைகளில் சினை ஊசி போட்டு, திரும்பத் திரும்ப ஈன வைக்கிறார்கள். பெரிய பண்ணைகளில் கன்றைச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தாயிடமிருந்து பிரித்துவிடுவதுதான் வழக்கம். காளைக்கன்றால் பாலுக்குப் பயனில்லை. 20 வயதுவரை வாழக்கூடிய பசுவும், கறவை குறைந்ததும் இளம் வயதிலேயே அடிமாடாகிறது. முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகள் நிலைமை இன்னும் கொடுமை. முட்டையிடாது, கறிக்கேற்ற சதையும் வைக்காது என்பதால் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022-இல் இதற்குத் தடை போட்டது. பெரும்பாலான நாடுகளில் இன்றும் சட்டம் இதைக் கேட்பதில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் 'கொல்லாத உணவு' என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நிலக் கணக்கும் உண்டு. 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வின்படி, உலக விவசாய நிலத்தில் சுமார் 83 சதவீதம் இறைச்சி, பால், முட்டை, மீன் வளர்ப்புக்கே போகிறது. அவற்றிலிருந்து கிடைப்பதோ உலக மக்களின் உணவுக் கலோரியில் 18 சதவீதம்தான்.

சரி, சமையல்? முட்டையும் பாலும் அந்தப் பண்டத்தில் என்ன வேலை செய்கின்றன என்று முதலில் பாருங்கள். கேக்கில் முட்டை மாவைப் பிடித்து வைக்கிறது என்றால், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவிட்டால் போதும், வழவழவென்று கெட்டியாகிவிடும். நுரைதான் வேண்டுமென்றால் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்துப் பாருங்கள், முட்டை வெள்ளைக்கரு போலவே பொங்கி நிற்கும். பாலேட்டின் கெட்டித்தன்மைக்கு ஊறவைத்த முந்திரியை மைய அரைத்துக்கொள்ளலாம். கறியில் நமக்குப் பிடிப்பதில் பாதி அந்த ஆழ்ந்த சுவைதான். உலர்ந்த காளான், சுண்டிய தக்காளி, சோயா சாஸ் மூன்றிலும் அது நிறைய இருக்கிறது. டோஃபு (சோயா பாலைத் திரித்துச் செய்யும் கட்டி) சப்பென்றிருக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பிழியாமல் சமைத்தவர்கள். கனம் வைத்து அழுத்தி, ஈரம் போனபின் வறுத்தால் மசாலா நன்றாகப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் மழுப்ப மாட்டேன். வைட்டமின் பி12 செடிகளிலிருந்து நம்பும்படி கிடைக்காது. அதை உண்டாக்குவது பாக்டீரியாக்கள். வீகன் ஆனால் மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ கட்டாயம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் என்றால் மாறுவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.