இரண்டு நோய்க்கும் ஒரே பத்தியமா?

ஷோகிரன்-லார்சன், ரெப்சம் என்ற இரண்டு பரம்பரை நோய்களையும் இங்கே வந்த கட்டுரை ஒன்றாகப் போட்டு, 'கொழுப்பைக் குறையுங்கள்' என்று முடித்துவிட்டது. அதற்கு என் பதில் இது. தோல் செதில் செதிலாவதும் நரம்பு கெடுவதும் இரண்டிலும் உண்டுதான். ஆனால் கலத்துக்குள் அடைபடும் இடம் வேறு.

ஷோகிரன்-லார்சனில் கொழுப்பு அல்டிகைட்டு என்ற பொருளைக் கொழுப்பமிலமாக்கும் நொதியம் வேலை செய்யாது. தோலில் சிறு துண்டெடுத்து, கலங்களை வளர்த்து அதை அளக்கலாம். வெறும் பத்தியத்தால் அது மாறாது.

ரெப்சமில் பத்தியம்தான் பெரிய மருந்து. அங்கே உடைபடாமல் சேர்வது பைற்றானிக் அமிலம் என்ற ஒருவகைக் கொழுப்பமிலம். புல் மேயும் மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் பச்சையத்தைப் பிரிப்பதில் தொடங்கி அது பாலுக்கும் இறைச்சிக்கும் வருகிறது. ஆகவே எங்கட வன்னி எருமைத் தயிர், நெய், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கொழுப்புள்ள மீன் எல்லாம் குறைக்கவேண்டிய கணக்கில் வரும். கீரையை விலக்காதீர்கள், மனிதக் குடல் பச்சையத்தை அப்படிப் பிரிக்காது.

ரெப்சமில் கட்டுரை தொடாத ஆபத்து ஒன்று: பட்டினி. உடற்கொழுப்பு கரையும்போது அதில் தங்கிய அமிலம் இரத்தத்தில் இறங்கி நோயைத் திடீரென முற்றவைக்கும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கிற ஊர் எங்கட ஊர். இந்த நோய் உள்ளவர் அதைச் செய்யவே கூடாது, முருகன் கோபிக்கமாட்டார்.

இந்த நோய்களுக்குக் காரணம் 'நாகதோஷம்' என்று மேலே கருத்து எழுதிய அண்ணைக்கு: தாய், தகப்பன் இருவரிடமும் பழுதான பரம்பரையலகு ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25% வாய்ப்பு. சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் இருவரிடமும் அது இருக்கச் சாத்தியம் கூட. பாம்புக்கு இதில் பங்கில்லை.