ஒரு கோட் கிளியர் அடிச்சா போதுமாம்!

அலாய் வீலுக்கு பாலிஷ் போட்டேன் என்று யாரிடமாவது வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். உடனே வரும் அறிவுரை: "அப்படியே மேல ஒரு கோட் கிளியர் அடிச்சு விட்டுடுங்க சார், அப்புறம் கவலையே இல்ல." கிளியர் என்றால் நிறமில்லாத, கண்ணாடி மாதிரியான பெயின்ட். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் சாமான் விற்பவர் இதைச் சொல்கிறார். மாடி வீட்டுக்காரர் சொல்கிறார். வீடியோ போடும் தம்பிகளும் இதையேதான் சொல்கிறார்கள். ஸ்ப்ரே அடித்து, பளபளவென்று மின்னுவதைக் காட்டி, பாட்டுப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் தாண்டியபின் அதே வீல் எப்படி இருக்கிறது என்று காட்டேன் தம்பி! நான் பார்த்த ஒருவரும் காட்டவில்லை.

நான் காட்டுகிறேன், வாருங்கள். திருவான்மியூரில், கடல் காற்று நேராக வந்து அடிக்கிற தெருவில் வண்டி நிற்கிறது. ரிம் ஓரமெல்லாம் மஞ்சளடித்திருக்கிறது. ஸ்போக் மடிப்புகளில் கிளியர் செதில் செதிலாக எழும்பி நிற்கிறது, நகத்தால் தட்டினால் கையோடு வருகிறது. எழும்பாத இடங்களில் இன்னும் மோசம்: படலத்துக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிந்து போனதுபோல மெல்லிய கோடுகள். இத்தனைக்கும் கேனின் முதுகில் எழுதியிருந்தபடி எழுத்துப் பிசகாமல் செய்தது. கிரீஸ் போகத் துடைத்து, மெல்லிய கோட்டாக, இடைவெளி விட்டு அடித்தது. அதே கேனில் "உலோகம், மரம், பிளாஸ்டிக் அனைத்துக்கும்" என்று வேறு போட்டிருக்கிறது. உலோகம் என்றால் எந்த உலோகம்? சொரசொரப்பான இரும்புக் கம்பியும், முகம் பார்க்கிற அளவுக்கு பஃப் போட்ட அலுமினியமும் உங்களுக்கு ஒன்றா?

எந்த டிங்கர் பட்டறைக்கும் போய்ப் பாருங்கள். பெயின்டர் முதலில் கையில் எடுப்பது வாட்டர் பேப்பர்தான், தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். பரப்பில் நுண்ணிய கீறல் இருந்தால்தான் பெயின்ட் பிடித்துக்கொள்ளும். நாம் பாலிஷ் போடுவது எதற்கு? 400, 800, 1200, 2000 என்று எண் ஏற ஏற நைசாகிற பேப்பரை மாற்றிக்கொண்டே போய், கடைசியில் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, அந்தக் கீறல்களையெல்லாம் இல்லாமல் ஆக்குவதற்குத்தான். கிளியர் பிடிக்க வேண்டுமென்று 600 பேப்பரால் மறுபடி தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு போச்சு. தேய்க்காவிட்டால் பிடிமானம் போச்சு. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இந்தச் சின்ன விஷயத்தைக் கேன் விற்கிற ஒருவர்கூடச் சொல்வதில்லை.

"கம்பெனியில் அடித்து வருகிறதே" என்று ஒரு கேள்வி வரும். வருகிறது. அங்கே முகப்பை லேத்தில் சீவியிருப்பார்கள், அதில் மெல்லிய வரிகள் இருக்கும். கழுவி, சிர்கோனியம் அல்லது டைட்டானியம் சேர்ந்த ரசாயனக் குளியல் கொடுத்து, அதன் மேல் கிளியர் அடித்து, அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். டைமண்ட் கட் என்று சொல்லப்படுகிற அந்த வீல்களிலேயே சில வருடத்தில் புழுக்கோடு கிளம்பிவிடுகிறது. மொட்டை மாடியில் செங்கல் மேல் வீலைச் சாய்த்து வைத்து அடித்தது தாங்குமாம்!

அந்தக் கோடு எப்படி வருகிறது தெரியுமா? ரோட்டில் ஒரு ஜல்லிக்கல் தெறித்துப் படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும். உப்பும் ஈரமும் உள்ளே போய், படலத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் இழை இழையாக அரித்துக்கொண்டே நகரும். காற்றில் ஈரப்பதம் 65 முதல் 95 சதவீதம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். சென்னையில் முக்கால்வாசி நாள் அந்தக் கணக்கில்தான் இருக்கிறோம்.

எனக்கு வயிற்றெரிச்சல் இங்கேதான். வெறும் அலுமினியமாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் மங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலிஷ் பேஸ்ட்டும் பழைய பனியனும் எடுத்து உட்கார்ந்தால் திரும்ப வந்துவிடும். கிளியருக்கு அடியில் அரித்தால் கை வைக்கவே முடியாது. துளி இடம் கெட்டாலும் வீல் முழுவதையும் உரிக்க வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி, அரை மணி நேர வேலையை வாரக்கணக்கான வேலையாக்கி விற்கிறார்கள்.

அடிக்கும்போது படுகிற பாடு தனி. ஈரமான நாளில் அடித்தால் காயும்போதே வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. "வறண்ட நாளில் அடிக்கவும்" என்கிறது கேன். சரி, மே மாதம் மாடிக்குப் போனால் வீல் தொட முடியாத சூடு. ஸ்ப்ரே பரப்பில் படிந்து பரவுவதற்குள் காய்ந்து பொடியாக உட்காருகிறது. எந்த மாதத்தில்தான் அடிப்பது?

இதைச் சொன்னால் கடைக்காரர் அசராமல், "அப்போ டூ-கே அடிங்க சார்" என்கிறார். ஹார்ட்னர் கலந்தது, பெட்ரோல் பட்டாலும் கரையாது, உண்மைதான். ஆனால் அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். மூச்சில் போய் ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் ஆஸ்துமாவாகவே நின்றுவிடலாம். வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வருகிற முகமூடி போட்டு, பெயின்ட் அடிக்கிற தனி அறைக்குள் நின்று அடிக்க வேண்டிய சரக்கு அது. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில், குழந்தைகள் சைக்கிள் விடுகிற இடத்தில், கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். இன்னும் சிலர் நட்டு உட்காருகிற குழியையும் மறைக்காமல் அடித்துவிடுகிறார்கள். அந்தப் படலம் நசுங்கினால் நட்டின் இறுக்கம் தளரும். அதையும் எந்தத் தம்பியும் சொல்வதில்லை.

வாட்டர் சர்வீஸ்காரர்களை விட்டுவிட முடியுமா? அலுமினியத்தின் மேல் தானாக உருவாகும் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர்தான், ஏறக்குறைய பி.எச். 4 முதல் 8.5 வரைதான் தாங்கும். பிரேக் தூசி சட்டென்று போகட்டும் என்று இவர்கள் ஆசிட் கலந்த எதையோ பீய்ச்சுகிறார்கள். என்ன அண்ணே அது என்று கேட்டால், "ஷாம்புதான் சார்."

இப்போது இரண்டு வீலை உரித்தாயிற்று. தின்னர் போட்டால் கிளியர் இளகிக் கோந்தாகி ஸ்போக் மடிப்பில் அப்பிக்கொள்கிறது, பல் தேய்க்கும் பிரஷால் கிளற வேண்டியிருக்கிறது. உரித்ததற்கு வெறும் வாக்ஸ்தான், மாதாமாதம் கையால் தேய்ப்பது என்று முடிவாகிவிட்டது. மீதி இரண்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டும். கிளியர் கேன் பாதி அப்படியே இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், மர ஸ்டூலுக்கு அடியுங்கள், அதிலாவது பிடித்துக்கொள்ளும்.