ஏவுகணைக் காலத்திலும் உடலே முதல் கருவி

ஏவுகணைகளின் காலத்தில் போர் விமானிக்கு உடல் வலிமை முன்போலத் தேவையில்லை என்ற கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. துரத்திவரும் ஏவுகணையைத் தவிர்க்க விமானத்தைச் சட்டென வளைக்கும்போது, ஈர்ப்பு விசையின் 9 மடங்கு அழுத்தத்தில் 70 கிலோ எடையுள்ளவர் 630 கிலோவாகக் கனக்கிறார். தலையிலிருந்து இரத்தம் கீழிறங்க, முதலில் நிறங்கள் மங்கி, பிறகு பார்வை குறுகி, நினைவே தப்பக்கூடும். கால்களையும் வயிற்றையும் இறுக்கும் ஜி-சூட் என்ற சிறப்பு உடை ஓரளவே உதவும் என்பதால், தொடைத் தசைகளை முறுக்கி, மூச்சை அடக்கி, ஏறத்தாழ 3 நொடிக்கு ஒருமுறை சட்டென மாற்றி விமானிதான் தாக்குப்பிடிக்க வேண்டும் (அதுவும் எதிரியைத் தேடிக்கொண்டே!). கழுத்துவலி இத்தொழிலில் சாதாரணம். 2019 பிப்ரவரியில் மிக்-21 விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியேறிய அபிநந்தன் வர்த்தமான், மருத்துவச் சோதனைகளில் தேறிய பிறகே மீண்டும் பறந்தார்.